பிரிவினையும் சமாதானமும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம், "ஒரு தேசத்தின் ஒரு பாகம் ரத்தம் சிந்தாமல் தனியாய்ப் பிரிந்து போக முடியுமா?" என்பதாகும். இந்த விஷயத்தைப் பற்றி நம்மில் இரண்டு விதமான பேச்சு இருந்து வருகிறது. ஒரு கூட்டத்தார், "தேசம் என்பது ஒரு சரீரம், அதில் ஒரு அங்கத்தை வெட்டினால் ரத்தம் வராமல் இருக்குமா?" என்று கேட்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "ஜனங்களுக்கு இஷ்டம் இருந்தால் ஒரு ஓட்டுப் பெட்டியை வைத்து ஒரு நாளில் பிரிந்து விடலாம், இதில் என்ன கஷ்டம்?" என்கிறார்கள். இந்த இரண்டு பேச்சையும் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் எங்கேயாவது நடந்ததைப் பார்த்துச் சொல்லுகிறவர்கள் அல்ல. தங்கள் மனதில் இருக்கும் பயத்தையோ ஆசையையோ எடுத்து வெளியில் சொல்லுகிறார்கள், அவ்வளவுதான்.

தேசம் சரீரம் என்பது வெறும் உவமை. உவமையை நிஜம் என்று நம்ப ஆரம்பித்தால் புத்திக்கு வேலை இல்லாமல் போய்விடும். சரீரத்துக்கு எல்லையைத் தாய் வயிறு போட்டது. தேசத்துக்கு எல்லையை யார் போட்டார்கள்? யுத்தத்தில் ஜெயித்தவனும், பெண் கொடுத்து எடுத்த ராஜாவும், மேஜை மேல் படம் விரித்துக் கோடு போட்ட மந்திரியும்தானே போட்டார்கள்? மனிதன் போட்ட கோட்டை மனிதன் மாற்றக் கூடாது என்று எந்தச் சாஸ்திரத்திலும் இருக்க முடியாது. இருந்தால் அந்தச் சாஸ்திரத்தையும் மனிதன்தான் எழுதியிருப்பான்.

ஆனால், மாற்றலாம் என்பது வேறு, சமாதானமாய் மாற்ற முடியும் என்பது வேறு. ஆகையால் நான் இங்கு யாரையும் பிரியச் சொல்லவோ, சேர்ந்திருக்கச் சொல்லவோ வரவில்லை. ஒரு இடத்தில் நடந்த ஒரு காரியத்தை எடுத்துக் கொண்டு, அது எப்படி நடந்தது, ஏன் அங்கே நடந்தது, மற்ற இடத்தில் ஏன் நடக்கவில்லை என்று பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். அந்த இடம் நார்வே தேசம். வருஷம் 1905.

நீங்கள் எல்லோரும் பாகப்பிரிவினை பார்த்தவர்கள். இரண்டு அண்ணன் தம்பிகள் பிரிகிறார்கள். ஒரு வீட்டில், பஞ்சாயத்தாரைக் கூப்பிட்டு, நிலத்தை அளந்து, வரப்பு போட்டு, கடனைப் பங்கிட்டு, மறுமாதம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இன்னொரு வீட்டில், ஒரு கிணற்றுக்காக மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு அலைகிறார்கள். பிரிந்தது இரண்டு பேரும்தான். வித்தியாசம் எங்கே வந்தது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக் கொண்டு நான் சொல்லுவதைக் கேளுங்கள்.

நார்வே 400 வருஷத்துக்கு மேல் டென்மார்க் ராஜாவின் கீழ் இருந்தது. நெப்போலியன் யுத்தத்தில் டென்மார்க் ராஜா தோற்ற பக்கத்தில் நின்றான். 1814 ஜனவரியில் கீல் என்ற ஊரில் ஒரு உடன்படிக்கை எழுதினார்கள். அதன்படி, நார்வே தேசத்தை டென்மார்க் ராஜா ஸ்வீடன் ராஜாவுக்குக் கொடுத்துவிட்டான். மலை, காடு, மீன், கப்பல், அங்கே இருந்த ஜனங்கள் எல்லாம் சேர்த்துத்தான். சந்தையில் மாடு கைமாறும்போது மாட்டின் சம்மதத்தை யார் கேட்கிறார்கள்? அந்த மாதிரிதான்.

ஆனால் நார்வேக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அந்த வருஷமே ஈட்ஸ்வோல் என்ற ஊரில் 112 பிரதிநிதிகள் கூடி, மே மாதம் 17-ந் தேதி தங்களுக்கென்று ஒரு அரசியல் சட்டம் செய்து கொண்டார்கள். (அந்தச் சட்டத்திலேயே யூதர்கள் தேசத்துக்குள் நுழையக் கூடாது என்று ஒரு ஷரத்தும் போட்டார்கள். சுதந்திரம் கேட்கிறவனும் இன்னொருவனுக்குக் கதவைச் சாத்துவான் என்பதற்கு இது அத்தாட்சி. 1851-ல்தான் அதை எடுத்தார்கள்.) ஸ்வீடன் படையெடுத்தது. சில வாரச் சண்டைக்குப் பிறகு இரு பக்கமும் ராஜி பேசின. ராஜி என்னவென்றால், நார்வேயின் சட்டசபையும் சட்டமும் அப்படியே இருக்கலாம்; ராஜா மாத்திரம் இரண்டு தேசத்துக்கும் ஒருவர்; வெளிநாட்டு விவகாரம் ஸ்வீடன் மந்திரி கையில் என்பதாகும். அந்த ராஜ வம்சத்தை ஆரம்பித்தவர் யாரென்றால் பெர்னதாத் என்ற பிரெஞ்சுக்காரர். நெப்போலியனுடைய தளபதியாய் இருந்தவர். ஸ்வீடனும் அல்லாத, நார்வேயும் அல்லாத ஒருவருடைய குடும்பம் இரண்டு தேசத்தாருக்கும் "பிறப்பினால்" ராஜாவாயிற்று. ராஜ பரம்பரையின் யோக்கியதை இவ்வளவுதான்.

நிற்க, இந்தக் கூட்டுக் குடித்தனத்தில் நார்வேக்கு என்ன கஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர்களுக்குத் தனிச் சட்டசபை இருந்தது. அதற்கு ஸ்டோர்டிங் என்று பெயர். தனி மந்திரிகள், தனிக் கஜானா, தனிப் பட்டாளம் எல்லாம் இருந்தன. 1898-ல் ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமையும் வந்துவிட்டது. ஸ்வீடனில் அப்போது அது கூட இல்லை. அடித்து உதைத்து ஆண்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால் சண்டை எதில் வந்தது?

கான்சல் உத்தியோகத்தில் வந்தது. கான்சல் என்றால், வெளிநாட்டுத் துறைமுகங்களில் உட்கார்ந்து கொண்டு தன் நாட்டு வியாபாரிகளையும் மாலுமிகளையும் கவனிக்கிற உத்தியோகஸ்தர். நார்வேயின் ஜனத்தொகை அப்போது சுமார் 23 லட்சந்தான். ஆனால் அதன் வியாபாரக் கப்பல்கள் உலகத்திலேயே பெரிய கப்பல் கூட்டங்களில் ஒன்று. அந்தக் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும், மாலுமிக்கு ஒரு தகராறு என்றால், அதை விசாரிக்கிறவர் ஸ்வீடன் மந்திரியின் கீழ் உள்ள ஆள். ஆகவே, "எங்கள் கப்பலுக்கு எங்கள் கான்சல் வேண்டும்" என்று கேட்டார்கள். ஸ்வீடன், "இன்று கான்சல் கேட்பான், நாளைக்கு ஸ்தானீகர் கேட்பான், அதற்கு மறுநாள் தனி ராஜ்யம் கேட்பான்" என்று மறுத்தது. ஸ்வீடன் நினைத்தது தப்பும் அல்ல. அவர்கள் கேட்டது கான்சலை அல்ல, சமத்துவத்தைத்தான். வீட்டில் எல்லா வசதியும் கொடுத்துவிட்டு, வாசலுக்கு யார் வந்தாலும் "நீ உள்ளே போ, நான் பேசிக் கொள்ளுகிறேன்" என்று சொல்லப்படுகிற மனிதனுடைய வயிற்றெரிச்சல் எப்படியிருக்கும்? தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

1895-ல் இந்த விவகாரம் முற்றி, ஸ்வீடன் யுத்தம் செய்வதாய் மிரட்டிற்று. நார்வே பணிந்தது. பணிந்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பஜனை செய்து கொண்டு இருக்கவில்லை. அடுத்த பத்து வருஷமும் எல்லையில் கோட்டை கட்டினார்கள், இரும்புக் கவசக் கப்பல் வாங்கினார்கள். இதை நான் ஏன் சொல்லுகிறேன் என்றால், 1905-ல் நடந்ததை வெறும் அன்பினால் நடந்தது என்று கதை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி சுடப்படவில்லை என்பது உண்மை. துப்பாக்கி இல்லை என்பது பொய்.

இனி 1905-க்கு வருவோம். மார்ச் மாதம் கிறிஸ்டியன் மிக்கெல்சன் என்பவர் நார்வேயின் முதல் மந்திரியானார். அவர் பெர்கன் நகரத்துக் கப்பல் முதலாளி, வக்கீலும் கூட. கான்சல் விஷயத்தில் கப்பல் முதலாளிக்கு இருக்கும் அக்கறையை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் அவர் செய்த தந்திரம் கவனிக்கத் தக்கது. "நாங்கள் பிரிகிறோம்" என்று அவர் கத்தவில்லை. கான்சல் சட்டத்தை ஸ்டோர்டிங்கில் நிறைவேற்றி ராஜாவின் கையெழுத்துக்கு அனுப்பினார். மே 27-ந் தேதி இரண்டாம் ஆஸ்கர் ராஜா கையெழுத்துப் போட மறுத்தார். உடனே நார்வே மந்திரிகள் எல்லோரும் ராஜினாமாக் கொடுத்தார்கள். ராஜா, "இப்போது வேறு மந்திரிசபை அமைக்க என்னால் முடியாது, ஆகையால் ராஜினாமாவை ஏற்க மாட்டேன்" என்று சொன்னார். பாவம், அவர் புத்திசாலித்தனமாய்ப் பேசியதாக நினைத்துக் கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர்கள் காத்திருந்தார்கள்!

ஜூன் 7-ந் தேதி ஸ்டோர்டிங் கூடி ஒரு தீர்மானம் செய்தது. அதன் கருத்து இது: அரசியல் சட்டப்படி ராஜாவின் கடமை மந்திரிசபை அமைப்பது, அது தன்னால் முடியாது என்று ராஜாவே சொல்லிவிட்டார், ஆகவே ராஜ அதிகாரம் நின்று போய்விட்டது, ராஜாவுக்கு ராஜினாமாக் கொடுத்த மந்திரிகளே ஸ்டோர்டிங்கின் பேரால் அதிகாரம் செலுத்த வேண்டியது, ஒரே ராஜா என்ற காரணத்தால் ஏற்பட்டிருந்த ஸ்வீடன் சேர்க்கையும் அதனால் முடிந்து போயிற்று. தோழர்களே! 91 வருஷத்துச் சேர்க்கையை, ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் ஒரு துணை வாக்கியமாய் வைத்து முடித்துவிட்டார்கள். ஆர்ப்பாட்டம் இல்லை, சாபம் இல்லை, "ஸ்வீடனே ஒழிக" என்ற பேச்சு இல்லை. போதாதற்கு, உங்கள் குடும்பத்துப் பிள்ளை ஒருவரையே எங்களுக்கு ராஜாவாய்க் கொடுங்கள் என்று ஆஸ்கர் ராஜாவுக்கு மரியாதையாய் ஒரு விண்ணப்பமும் போட்டார்கள். அவர் மறுத்தது வேறு விஷயம். கோபக்காரனுக்குக் கோபித்துக் கொள்ளச் சந்தர்ப்பம் கொடுக்காமல் காரியம் செய்வது ஒரு வித்தை.

ஸ்வீடனில் என்ன நடந்தது? அங்கே இது தேசத் துரோகம், படையை அனுப்பு என்று கூச்சல் போட்டவர்கள் இருந்தார்கள். ஸ்வீடன் ஜனத்தொகையோ நார்வேயைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், 50 லட்சத்துக்கு அதிகம். ஆனால் யுத்தம் என்றால் சாகப் போகிறவன் யார்? கூச்சல் போடுகிற பிரபு அல்ல. தொழிலாளியும் குடியானவனும்தான். அவர்களுடைய கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர் யால்மர் பிராண்டிங், நார்வே மேல் கை வைக்காதே என்று 1895 முதலே எழுதி வந்தவர். 1905-ல் வாலிபர் சங்கத்தார், "ஆயுதத்தைக் கீழே போடுங்கள்" என்று ஒரு துண்டு அறிக்கை வெளியிட்டார்கள். நார்வேக்காரன் மேல் சுடச் சொன்னால் சுடாதே, வேலை நிறுத்தம் செய் என்பது அதன் சாரம். அதற்காக ஹெக்லண்ட் என்ற வாலிபர் ஜெயிலுக்குப் போனார். நார்வேயில் அவர்களுடைய வீரர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், நியாயந்தான். ஆனால் என்னைக் கேட்டால், பக்கத்து தேசத்துக்காரனுக்காகத் தன் சர்க்காரின் ஜெயிலுக்குப் போன அந்த ஸ்வீடன் வாலிபனுக்கும் அதில் பங்கு உண்டு. பிரிவினை சமாதானமாய் நடக்குமா என்பது பிரிகிறவன் கையில் மாத்திரம் இல்லை. யாரிடமிருந்து பிரிகிறானோ அவன் வீட்டுக்குள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பதில்தான் பெரும்பாகம் இருக்கிறது.

ஸ்வீடன் பார்லிமெண்ட் யுத்தம் வேண்டாம் என்று முடிவு செய்தது. ஆனால் நிபந்தனை போட்டது. "இது ஜனங்களுடைய இஷ்டமா, சட்டசபைக்காரர்கள் இஷ்டமா? ஜனங்களைக் கேள். பிறகு உட்கார்ந்து பேசு. எல்லைக் கோட்டைகளை இடித்துவிடு" என்றது. ஸ்வீடன் கேட்கட்டும் என்று காத்திராமல் நார்வே தானே முந்திக் கொண்டு ஓட்டெடுப்புக்குத் தேதி போட்டது. ஆகஸ்டு 13. பிரிவினைக்குச் சாதகமாய் 3,68,208 ஓட்டு. எதிராக எத்தனை தெரியுமா? 184. ஆயிரம் அல்ல, லட்சம் அல்ல, வெறும் நூற்று எண்பத்து நாலு! ஓட்டுரிமை உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் வந்து போட்டார்கள்.

ஆனால் அந்த ஓட்டு ஆண்கள் ஓட்டு. பெண்களுக்கு ஓட்டு இல்லை. தேசத்தின் பாதிப் பேரை வெளியில் நிறுத்தி வைத்துவிட்டு "ஜனங்கள் தீர்ப்பு" என்று சொல்லுவது எப்படி நியாயம்? அந்த ஊர்ப் பெண்கள் இதைக் கேட்டார்கள். கேட்டுவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. தாங்களே ஊர் ஊராய்ப் போய்ப் பிரிவினைக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். கப்பலும் தந்தியும் இருந்த காலத்தில், சில வாரங்களில் செய்த வேலை இது. இதைப் பார்த்த பிறகு, பெண்களுக்கு அரசியல் தெரியாது என்று சொல்ல ஆண்களுக்கு வாய் எழவில்லை. 1907-ல் வரி கட்டுகிற பெண்களுக்கும், 1913-ல் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வந்தது.

பிறகு ஆகஸ்டு 31-ந் தேதி ஸ்வீடனில் கார்ல்ஸ்டாட் என்ற ஊரில் இரு பக்கத்துப் பஞ்சாயத்தும் உட்கார்ந்தது. மூன்று வாரத்துக்கு மேல் பேசினார்கள். இதுதான் ஆபத்தான காலம். நடுவில் பேச்சு முறிகிற நிலைமை வந்து, எல்லையில் ஸ்வீடன் பட்டாளம் நின்றது, செப்டம்பர் 13-ல் நார்வேயும் தன் படையில் ஒரு பாகத்தைக் கூப்பிட்டது. ஒரு முட்டாள் சிப்பாய் ஒரு குண்டு சுட்டிருந்தால் நான் இன்று இங்கே வேறு கதை சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

கடைசியில் செப்டம்பர் 23-ந் தேதி ராஜி ஏற்பட்டது. எல்லையின் இருபுறமும் கோட்டை, பட்டாளம் இல்லாத பட்டை ஒன்று ஒதுக்குவது. பத்து வருஷமாய்ச் செலவு செய்து கட்டிய புதுக் கோட்டைகளை நார்வே இடித்து விடுவது. இனிமேல் ஏற்படும் தகராறுகளை ஹேக் நகரத்து மத்தியஸ்த கோர்ட்டுக்கு விடுவது. ஒருவர் சரக்கு மற்றவர் தேசத்தின் வழியாய்ப் போவதைத் தடுக்காமல் இருப்பது. எல்லை தாண்டிப் பனிமான் மேய்க்கிறவர்களுடைய மேய்ச்சலைப் பற்றிய ஏற்பாடு. இவைதான் முக்கிய ஷரத்துகள். நார்வேயில் பலர், கோட்டையை இடிப்பது மானக்கேடு என்று ஆத்திரப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோட்டை எதற்காகக் கட்டினார்கள்? பிரிவதற்காக. பிரிந்தாயிற்று. அதற்குப் பிறகும் பங்காளி வீட்டு வாசலைப் பார்த்துத் துப்பாக்கியை நிறுத்தி வைப்பேன் என்றால் அவன் எப்படித் தூங்குவான்? அவன் தூங்காவிட்டால் இவன் எப்படித் தூங்குவான்?

அக்டோபர் 26-ல் ஆஸ்கர் ராஜா நார்வே சிம்மாசனத்தை விட்டுவிட்டதாய் அறிவித்தார். ஸ்வீடன் ஒப்புக் கொள்ளும் வரையில் மற்ற வல்லரசுகள் வாய் திறக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். வடதுருவத்தில் சுற்றி வந்த நான்சன் என்ற பிரசித்தி பெற்ற மனிதர் நார்வேயின் நியாயத்தை ஐரோப்பியப் பத்திரிகைகளில் எல்லாம் எழுதினார். எல்லோரும் படித்தார்கள், அனுதாபப்பட்டார்கள். ஆனால் அங்கீகாரம் மாத்திரம், பழைய பங்காளி கையெழுத்துப் போட்ட பிறகுதான் வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு ராஜாவிடமிருந்து விடுதலை அடைந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? இன்னொரு ராஜாவைத் தேடிப் போனார்கள்! குடியரசு வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் சுற்றிலும் ராஜாக்கள் ஆளும் ஐரோப்பாவில் குடியரசு என்றால் பயப்படுவார்கள், ஆகையால் ஒரு ராஜா இருப்பது நல்லது என்று பெரியவர்கள் யோசனை சொன்னார்கள். நவம்பரில் இன்னொரு ஓட்டு. 2,59,563 பேர் ராஜா வேண்டும் என்றும், 69,264 பேர் வேண்டாம் என்றும் போட்டார்கள். டென்மார்க்கிலிருந்து கார்ல் என்ற ராஜகுமாரர் கப்பலில் வந்து இறங்கினார். ஹாக்கன் என்று பழைய நார்வே ராஜாக்களின் பெயரை வைத்துக் கொண்டார். குழந்தைக்கும் அலெக்சாண்டர் என்ற பெயரை மாற்றி ஓலாவ் என்று வைத்தார்கள். மறு வருஷம் கோயிலில் வைத்துப் பாதிரியார் தைலம் பூசிக் கிரீடம் வைத்தார். ஜனங்கள் ஓட்டுப் போட்டு வரவழைத்த மனிதருக்குக் கடவுள் தைலம் பூசியதாகப் பாவனை! 1908-ல் அந்த முடிசூட்டுச் சடங்கையே அரசியல் சட்டத்திலிருந்து எடுத்து விட்டார்கள். அந்த மட்டுக்கும் புத்தி வந்தது. அந்த ராஜாவைக் குறைவாய் நான் சொல்ல வரவில்லை. தன்னைக் கூப்பிடுவதானால் ஜனங்களிடம் ஓட்டெடுத்துக் கூப்பிடுங்கள் என்று கேட்டவரே அவர்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. நார்வேயின் வடக்கே சாமி என்ற ஒரு இனத்தார் இருக்கிறார்கள். சாமி என்றவுடன் நம் கோயில் சாமியை நினைத்துக் கொள்ளாதீர்கள். இவர்கள் உழைக்கிற சாமிகள். மீன் பிடித்தும் பனிமான் மேய்த்தும் பிழைக்கிறவர்கள். அவர்களுக்குத் தனிப் பாஷை. "நாங்கள் வேறு ஜனம், எங்களை நாங்களே ஆள வேண்டும்" என்று ஸ்வீடனிடம் சொன்ன அதே நார்வே, பள்ளிக்கூடத்தில் சாமிக் குழந்தைகளை அவர்கள் பாஷையில் படிக்க விடவில்லை. 1902-ல் ஒரு சட்டம்: வட மாகாணத்தில் சர்க்கார் நிலத்தை, நார்வே பாஷை பேச, படிக்க, எழுதத் தெரிந்தவனுக்குத்தான் விற்கலாம் என்பது. அந்த மண்ணில் தொன்றுதொட்டு இருப்பவன், நேற்று வந்தவன் பாஷையில் எழுதத் தெரியாவிட்டால் அவனுக்கு நிலம் இல்லை! சுதந்திரம் வந்த பிறகும் பல பத்து வருஷம் இந்தக் கொடுமை நடந்தது. 1989-ல்தான் சாமி மக்களுக்கு ஒரு சட்டசபை ஏற்பட்டது. 1997-ல் அந்தச் சபையில் நார்வே ராஜாவே நின்று மன்னிப்புக் கேட்டார். ஆகவே, ஒரு தேசம் பிரிந்துவிட்டது என்பதாலேயே அதற்குள் இருக்கிற எல்லோரும் விடுதலை அடைந்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். வித்தியாசம் எங்கே வந்தது? நார்வேயும் ஸ்வீடனும் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும், முதலிலிருந்தே அடுப்பு இரண்டு. கஜானா, சட்டசபை, கோர்ட், பட்டாளம் எல்லாம் தனித்தனி. எல்லைக் கோடு பழைய கோடு, அதில் சந்தேகம் இல்லை. இங்கே அவன் ஜனம் லட்சம் பேர், அங்கே இவன் ஜனம் லட்சம் பேர் என்ற சிக்கலும் இல்லை. பெரிய பங்காளி சாப்பிடுகிற சோறு சின்னப் பங்காளியின் நிலத்திலிருந்து வரவில்லை. ஸ்வீடனின் மரமும் இரும்பும் ஸ்வீடனில்தான் இருந்தன.

இவை இல்லாத இடத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 1861-ல் தென் ராஜ்யங்கள் பிரிந்தன. எதற்காக? நீக்ரோ அடிமைகளை மாடு போல் வைத்து வேலை வாங்கும் பாத்தியத்தைக் காப்பாற்றிக் கொள்ளுவதற்காக. நாலு வருஷ யுத்தத்தில் 6 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். பிரிவினை என்ற வார்த்தையைக் கேட்டவுடன் விடுதலை என்று கைதட்டுகிறவர்கள் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும். நைஜீரியாவில் 1967-ல் பியாஃப்ரா பிரிந்தபோது, அந்தப் பாகத்தில் எண்ணெய் இருந்தது. 1970 வரை யுத்தம், பட்டினியில் எண்ணற்ற குழந்தைகள் மடிந்தன.

ஓட்டுப் பெட்டி போதும் என்கிறவர்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவைச் சொல்லுகிறேன். 1933 ஏப்ரல் 8-ந் தேதி அந்த மாகாணத்து ஜனங்கள், ஆஸ்திரேலியக் கூட்டாட்சியிலிருந்து பிரிய வேண்டும் என்று 1,38,653 பேரும், வேண்டாம் என்று 70,706 பேரும் ஓட்டுப் போட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு! அதே நாள் நடந்த மாகாணத் தேர்தலில், பிரிவினைக்கு ஆதரவாய் இருந்த மந்திரிசபையையே தோற்கடித்தார்கள். ஜனங்கள் மனதில் என்ன இருந்ததோ! பிறகு தூது கோஷ்டி லண்டனுக்குப் போய் மனுக் கொடுத்தது. ஆஸ்திரேலிய சர்க்கார் சம்மதம் இல்லாமல் இந்த மனுவை வாங்கவே முடியாது என்று 1935-ல் பார்லிமெண்ட் கமிட்டி சொல்லிவிட்டது. ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை. ஒரு அடி நிலமும் பிரியவில்லை.

சமாதானமாய்ப் பிரிந்த வேறு இடம் இல்லையா என்றால், இருக்கிறது. 1993 ஜனவரி 1-ல் செக் தேசமும் ஸ்லோவாக் தேசமும் பிரிந்தன. சொத்தை ஜனத்தொகைப்படி இரண்டுக்கு ஒன்று என்று பங்கிட்டுக் கொண்டார்கள். ஆனால் அங்கே ஜனங்களை யாரும் கேட்கவில்லை. பெரும்பாலோர் பிரிவினையை விரும்பவில்லை என்றே அப்போது எடுத்த கருத்துக் கணிப்புகள் காட்டின. இரண்டு முதல் மந்திரிகள் பேசி முடித்துவிட்டார்கள். சிங்கப்பூர் 1965-ல் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அது தானாய்ப் பிரிந்தது என்பதைவிட வெளியேற்றப்பட்டது என்பதே சரி.

ஸ்காட்லாந்தில் 2014-ல், லண்டன் சர்க்காரே ஒப்புக் கொண்டு ஓட்டெடுப்பு நடந்தது. பிரிய வேண்டாம் என்று நூற்றுக்கு 55 பேர் சொன்னார்கள். மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். கனடாவில் கியூபெக் மாகாணத்தில் 1995-ல் வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு 50.58, வேண்டும் என்றவர்கள் 49.42. மயிரிழை வித்தியாசம். ஆனால் அங்கேயும் யாரும் கத்தியை எடுக்கவில்லை. பிறகு 1998-ல் கனடா சுப்ரீம் கோர்ட் ஒரு அபிப்பிராயம் சொல்லிற்று. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மாகாணம் தன்னிச்சையாய்ப் பிரிந்து கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தெளிவான கேள்விக்கு ஜனங்கள் தெளிவான மெஜாரிட்டியாய்ப் பதில் சொன்னால், மற்றவர்கள் உட்கார்ந்து பேசக் கடமைப்பட்டவர்கள் என்பதாகும். கதவைத் திறந்து விட்டு ஓடு என்றும் சொல்லவில்லை, கதவைப் பூட்டி உதை என்றும் சொல்லவில்லை. கதவு இருக்கிறது, சாவி இரண்டு பேரிடமும் பாதி பாதி இருக்கிறது என்றது.

இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. ஒரு தோழர், "சிறிய தேசமாய்ப் போனால் பிழைக்க முடியுமா?" என்று கேட்கிறார். நார்வே 23 லட்சம் பேரோடு பிரிந்தது, பிழைத்தது. ஆனால் அது ஒரே நாளில் பணக்கார தேசமாகவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கான பேர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். கடலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தது 1969-ல். ஆகவே பிரிந்ததால் பணம் வந்தது என்பதும், பிரிந்ததால் பட்டினி வந்தது என்பதும் இரண்டும் சரியல்ல.

இன்னொரு தோழர், "பிரிந்த பிறகு அவர்களுக்குள் தகராறே வரவில்லையா?" என்று கேட்கிறார். வந்தது. எல்லை கடலில் எங்கே முடிகிறது என்பதில் வந்தது. கிரிஸ்பாடர்னா என்ற இடத்தில் கடலுக்கு அடியில் ஒரு மேடு. அதில் சிங்கி இறால் நிறைய. ஸ்வீடன் மீனவனும் நார்வே மீனவனும் அதற்காகச் சண்டையிட்டார்கள். கார்ல்ஸ்டாட்டில் உண்டான மனப்போக்கின்படி இரண்டு சர்க்காரும் ஹேக் கோர்ட்டுக்குப் போயின. 1909-ல் தீர்ப்பு வந்தது. பல காலமாய் அங்கே அதிகமாக மீன் பிடித்து வந்தவர்களும், அங்கே விளக்குக் கப்பல் நிறுத்திச் செலவு செய்தவர்களும் ஸ்வீடன்காரர்கள், ஆகையால் மேடு ஸ்வீடனுக்கே என்று கோர்ட் சொல்லிற்று. நார்வே ஒப்புக் கொண்டு, வலையைச் சுருட்டிக் கொண்டு வேறு இடத்துக்குப் போயிற்று.